ஏலம் முடிந்த பின் வரும் ‘இரண்டாம் வாய்ப்பு’: நம்பலாமா?



காசு விவகாரங்கள் பற்றிய எங்கள் மாதாந்த உரையில் இம்முறை எடுத்துக்கொண்ட விடயம் இணைய ஏலம். ஈபே போன்ற தளத்தில் ஒரு சாமானுக்கு ஏலம் கேட்கிறீர்கள். கடைசி நிமிடத்தில் வேறொருவர் கூடக் கேட்டு எடுத்துவிடுகிறார். சரி, எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று விட்டுவிடுகிறீர்கள். சில நாட்கள் கழித்து ஒரு செய்தி வருகிறது. “ஏலத்தில் வென்றவர் காசு கட்டவில்லை. நீங்கள் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தருகிறேன். வேண்டுமா?”

இதை நம்பலாமா, கூடாதா என்று நேயர்கள் சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய விடயம் இல்லை இது. ஏனென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்தச் செய்தி உண்மையானதா என்பது ஒன்று. உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த விலை நியாயமானதா என்பது மற்றது. முதலாவதைப் பற்றி வங்கிகளும் பத்திரிகைகளும் அடிக்கடி எச்சரிக்கின்றன. இரண்டாவதைப் பற்றிப் பெரிதாக யாரும் கதைப்பதில்லை. செய்தி உண்மையானது என்று தெரிந்ததும், விலையும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் காசைக் கட்டிவிடுகிறோம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வரலாம்.

இணைய ஏலம் எப்படி நடக்கிறது?

ஊரில் மீன் சந்தையில் ஏலம் கூறுவதைப் பார்த்தவர்கள் எங்களில் பலர். கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் போவதையும் பார்த்திருக்கிறோம். அங்கே கேட்பவரின் முகம் தெரியும். இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கையில் இருக்கிறார் என்று தெரியும். விற்பவரின் மச்சான் சும்மா விலையை ஏற்றிவிட நின்று கேட்டால், நாலு பேர் சிரித்து விடயத்தை வெளியே விட்டுவிடுவார்கள்.

இணைய ஏலத்தில் முகம் இல்லை. 1995ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்ற கணனிப் பொறியியலாளர் தொடங்கிய தளம்தான் பின்னர் ஈபே என்ற பெயர் பெற்றது. 1999இல் பிரித்தானியாவுக்கான தளம் வந்தது. அங்கே நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. நீங்கள் கொடுக்கத் தயாராக உள்ள ஆகக் கூடிய தொகையை ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும். மற்றவர்கள் கேட்கக் கேட்க, உங்களுக்காகத் தளமே சிறு சிறு படியாகக் கூட்டிக் கேட்கும். உங்கள் உச்சத் தொகை மற்றவர்களுக்குத் தெரியாது.

ஆகவே வென்றவர் தன் உச்சத் தொகையைக் கட்டுவதில்லை. தனக்கு அடுத்ததாக நின்றவரின் உச்சத் தொகைக்கு மேல் ஒரு படி மட்டும் கட்டுகிறார். பிரித்தானியத் தளத்தில் விலை 60 பவுண்ஸிலிருந்து 150 பவுண்ஸ் வரை உள்ளபோது ஒரு படி 2 பவுண்ஸ். 150இலிருந்து 300 வரை 5 பவுண்ஸ். வர்த்தகம் படித்தவர்கள் இதை இரண்டாம் விலை ஏலம் என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். இதன் தத்துவத்தை 1961இல் எழுதி விளக்கியவர் வில்லியம் விக்ரி. 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். இந்த முறையில் ஒளித்து விளையாடத் தேவையில்லை, மனதில் உள்ள உண்மையான தொகையைச் சொன்னாலே போதும் என்பதுதான் அவருடைய கருத்தின் சாரம். இதை நினைவில் வைத்திருங்கள். பிறகு வரும் கணக்குக்கு இதுதான் திறவுகோல்.

இரண்டாம் வாய்ப்பு என்பது உண்மையாகவே உள்ள ஏற்பாடு

ஏலத்தில் தோற்றவருக்கு விற்பவர் மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுப்பது ஈபே அனுமதித்த விடயம்தான். ஆங்கிலத்தில் ‘செக்கண்ட் சான்ஸ் ஒஃபர்’ என்பார்கள். மூன்று காரணங்களுக்காக இது வரலாம். வென்றவர் காசு கட்டாமல் விட்டிருக்கலாம். விற்பவர் மனதில் வைத்திருந்த ஆகக் குறைந்த விலையை ஏலம் எட்டாமல் போயிருக்கலாம். அல்லது அதே சாமான் விற்பவரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

ஏலம் முடிந்து 60 நாட்கள் வரை விற்பவர் இதை அனுப்பலாம். வாய்ப்பு எத்தனை நாட்களுக்குத் திறந்திருக்கும் என்பதை 1, 3, 5, 7 நாட்களில் ஒன்றாக அவர் தெரிவு செய்வார். விலையை அவர் நினைத்தபடி போட முடியாது. நீங்கள் ஏலத்தில் கேட்ட உச்சத் தொகையே விலையாக வரும். இதை ஏற்க வேண்டிய கடமை உங்களுக்குத் துளியும் இல்லை. பதில் சொல்லாமல் விட்டாலும் உங்கள் கணக்குக்கு எந்தக் கெட்ட பெயரும் வராது. “ஏலத்தில் கேட்டபடியால் வாங்கத்தான் வேண்டும்” என்று யாராவது எழுதினால், அந்த வசனமே அவரைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

முதலாம் கேள்வி: செய்தி எங்கேயிருந்து வந்தது?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் இந்த ஏற்பாட்டின் பெயரில் ஒரு பெரும் மோசடி நடந்தது. அந்நாட்களில் ஏலத்தில் யார் யார் கேட்டார்கள் என்பதை எவரும் அவர்களின் பயனர் பெயரோடு பார்க்கலாம். மோசடிக்காரர் பெறுமதியான ஏலங்களைத் தேடி, இரண்டாவதாக நின்றவரின் பெயரை எடுத்து, அதே பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும் என்று ஊகித்து, ஈபேயிலிருந்து வந்ததுபோல் ஒரு கடிதம் எழுதுவார். அவரிடம் சாமானும் இல்லை, விற்பவரோடு தொடர்பும் இல்லை. இதைத் தடுப்பதற்காகத்தான் 2006, 2007 காலப்பகுதியில் ஈபே கேட்பவர்களின் பெயர்களை நட்சத்திரக் குறியிட்டு மறைக்கத் தொடங்கியது.

பெயர் மறைந்தாலும் மோசடி மறையவில்லை. விற்பவரின் கணக்கையே திருடி அதற்குள்ளிருந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான விற்பவரே தளத்தை விலக்கி நேரே வாங்கும்படி கேட்பதும் உண்டு. இப்பொழுது கடிதங்களில் எழுத்துப் பிழையும் இருப்பதில்லை. ஆங்கிலம் பிழையாக இருந்தால் கள்ளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய அடையாளம் இனி உதவாது. செயற்கை நுண்ணறிவு நல்ல ஆங்கிலத்திலும் எழுதும், நல்ல தமிழிலும் எழுதும்.

நம்பக்கூடிய சோதனை ஒன்றுதான். வந்த கடிதத்தில் உள்ள எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள். கணனியில் புதிதாகத் தளத்தைத் திறந்து, அல்லது கைத்தொலைபேசியில் உள்ள அதன் செயலியைத் திறந்து, உங்கள் கணக்குக்குள் போங்கள். உண்மையான இரண்டாம் வாய்ப்பு உங்கள் கணக்கின் செய்திப் பெட்டியில் இருக்கும். அங்கேயே ‘உடனே வாங்கு’ என்ற பொத்தானும், தளத்தின் வழமையான காசு கட்டும் பக்கமும் இருக்கும். அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு வாய்ப்பே இல்லை. மின்னஞ்சலில் எவ்வளவு அழகான சின்னம் இருந்தாலும் சரி, வட்ஸ்அப்பில் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி, அதோடு விடயம் முடிந்தது.

காலத்தையும் கவனியுங்கள். வென்றவருக்குக் காசு கட்ட வழமையாக நான்கு நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகே, காசு வரவில்லை என்று விற்பவர் விற்பனையை இரத்துச் செய்யலாம். ஏலம் முடிந்து ஒரு மணித்தியாலத்தில் “அவர் கட்டவில்லை” என்று ஒருவர் எழுதினால், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

காசு எந்த வழியால் போகிறது?

செய்தி சரிதான் என்று கண்டாலும், காசு தளத்தின் வழியாக மட்டுமே போக வேண்டும். அப்படிப் போனால் ஈபேயின் காசு திருப்பும் உத்தரவாதம் பொருந்தும். சாமான் வரவில்லை, அல்லது வந்தது விவரித்தது போல இல்லை என்றால் வந்த நாளிலிருந்து, அல்லது வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாட்களுக்குள் முறையிடலாம். வாகனங்களுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. கார், வான் வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்திருங்கள். வாகனத்தைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.

“நேரே என் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், 20 பவுண்ஸ் குறைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் எழுதினால், அந்த 20 பவுண்ஸுக்கு நீங்கள் உங்கள் பாதுகாப்பு முழுவதையும் விற்கிறீர்கள். பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வழியில் அனுப்பச் சொல்வதும் இதே கதைதான். அந்த வழியில் அனுப்பிய காசுக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது.

வெஸ்டர்ன் யூனியன் போன்ற காசு மாற்று வழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் அம்மா அப்பாவுக்குக் காசு அனுப்பிய வழி இது. அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன் வரிசையில் நின்ற பழக்கம் எங்களுக்கு உண்டு. அதனால் அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. ஆனால் உறவினருக்கு அனுப்புவதற்கு நல்லதாக இருக்கும் வழி, முகம் தெரியாத விற்பவருக்கு அனுப்புவதற்கு நல்லதல்ல. மறுபக்கத்தில் காசை எடுத்த பிறகு அதைத் திருப்ப வழியில்லை. மோசடிக்காரர்கள் தன் சேவையைப் பயன்படுத்துவதைத் தடுக்கத் தவறியதற்காக 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 586 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அந்த வழியால் எவ்வளவு காசு கள்ளரிடம் போயிருக்கும் என்பதை அந்தத் தொகையிலிருந்தே ஊகிக்கலாம்.

கணக்கின் பெயர் எங்கள் ஆட்களின் பெயராக இருந்தால் சரிதானே என்று சிலர் கேட்கிறார்கள். சரியல்ல. 2020 முதல் இங்குள்ள பெரிய வங்கிகள் கணக்கின் பெயர் பொருந்துகிறதா என்று காசு அனுப்பும்போது காட்டுகின்றன. பெயர் பொருந்தினால் அப்படியொரு கணக்கு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மோசடிக் காசு பெரும்பாலும் இன்னொருவரின் கணக்கு வழியாகத்தான் போகிறது. “உன் கணக்குக்கு ஒரு காசு வரும், அதை மாற்றி அனுப்பினால் உனக்கு 50 பவுண்ஸ்” என்று சொல்லி மாணவர்களின் கணக்குகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். பெற்றோர்கள் இதை இன்றே பிள்ளைகளோடு கதையுங்கள். அப்படிக் கணக்கைக் கொடுத்தவரின் பெயர் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புத் தரவுத்தளத்தில் ஆறு வருடங்கள் வரை நிற்கலாம். வங்கிக் கணக்கு, மாணவர் கடன், வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் அது இடையில் வந்து நிற்கும். குற்றத் தீர்ப்பாகவே வந்துவிட்டால், இன்னும் குடியுரிமை எடுக்காதவர்களின் விண்ணப்பத்தில் நன்னடத்தை என்ற இடத்திலும் சிக்கல். அகதியாக வந்து பத்து, பதினைந்து வருடம் கடிதத்துக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு இதன் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் கேள்வி: விலை நியாயமானதா?

இனி வாய்ப்பு உண்மையானது, காசும் தளத்தின் வழியால்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் நேயர் அக்கா ஒருவர் தொலைபேசியில் கேட்டதை வைத்து, தொகைகளைச் சற்று மாற்றி, ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

அவர் பாவித்த ஓவர்லொக் மெசின் ஒன்றுக்கு ஏலம் கேட்டார். விற்பவர் பழைய மெசின்களைத் திருத்தி விற்கும் ஒரு சிறு வியாபாரி. அக்கா பதிந்த உச்சத் தொகை 148 பவுண்ஸ். ஏலம் முடிந்தபோது வேறொருவர் 150 பவுண்ஸுக்கு எடுத்துவிட்டார். அதாவது அக்காவின் 148க்கு மேல் ஒரு படி. மூன்றாவதாக நின்றவரின் உச்சத் தொகை 96 பவுண்ஸ். ஐந்து நாட்கள் கழித்து இரண்டாம் வாய்ப்பு வந்தது: 148 பவுண்ஸ்.

பார்த்தவுடன் நியாயம் போலத்தான் தெரிகிறது. அவரே சொன்ன தொகைதானே? ஆனால் வென்றவர் அந்த ஏலத்துக்கே வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். காசு கட்டாத ஆள் வந்தும் வராததும் ஒன்றுதான். அப்பொழுது ஏலத்தில் அக்காவும் மூன்றாமவரும் மட்டுமே. மூன்றாமவர் 96இல் நின்றுவிடுவார். அக்கா 98 பவுண்ஸுக்கு வென்றிருப்பார். இப்பொழுது கேட்பது 148. வித்தியாசம் 50 பவுண்ஸ். கடையிலோ, துப்புரவு வேலையிலோ நிற்பவருக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலக் கூலி.

விற்பவரிடம் இரண்டு மெசின் இருந்தது என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. இரண்டு சாமான், இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்றால், வெளியே நிற்கும் முதல் ஆள் மூன்றாமவர். அவருடைய 96ஐத் தாண்டினாலே போதும்.

இதைத்தான் நான் வித்தியாசக் கணக்கு என்று சொல்வேன். ஏலப் பக்கத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதில் வென்றவரின் வரிகளை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். உங்கள் வரிகளையும் மறைத்துவிடுங்கள். மிச்சமுள்ளவர்களில் ஆகக் கூடிய தொகை எதுவோ, அதற்கு மேல் ஒரு படி வையுங்கள். ஏலம் நேர்மையாக உங்களிடம் வந்திருந்தால் நீங்கள் கட்டியிருக்கும் விலை அதுதான். அந்த விலைக்கும் இப்பொழுது கேட்கும் விலைக்கும் இடையில் இரண்டு மூன்று பவுண்ஸ்தான் வித்தியாசம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. 50 பவுண்ஸ் என்றால் யோசியுங்கள்.

வித்தியாசம் ஏன் வந்தது?

வித்தியாசம் பெரிதாக இருப்பதால் மட்டும் விற்பவர் கள்ளன் என்று சொல்லிவிட முடியாது. ஏலத்தில் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டு, பிறகு காசில்லாமல் ஒளிக்கிற ஆட்கள் நிறைய. அதில் பாதிக்கப்படுபவர் விற்பவரும்தான்.

ஆனால் இன்னொரு வழியும் உண்டு. விற்பவரே வேறொரு பெயரில், அல்லது தன் ஆள் ஒருவரைக் கொண்டு, விலையை ஏற்றிக்கொண்டு போகிறார். உங்கள் உச்சத் தொகை எங்கே நிற்கிறது என்று தெரியாததால் ஒரு படி கூடப் போய்விடுகிறார். இப்பொழுது சாமான் அவரிடமே திரும்பி வந்துவிட்டது. ஆனால் உங்கள் உச்சத் தொகை அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு என்ன, “வென்றவர் காசு கட்டவில்லை” என்று ஒரு இரண்டாம் வாய்ப்பு. அது தளத்தின் வழியாக வந்த உண்மையான வாய்ப்புத்தான். சாமானும் வரும். விலைதான் பொய்.

இந்தக் கள்ளக் கேள்வியை ஈபே தடை செய்திருக்கிறது. விற்பவரின் குடும்பத்தினர், ஒரே வீட்டில் இருப்பவர்கள், அவரிடம் வேலை செய்பவர்கள் யாரும் கேட்கக் கூடாது. இங்கிலாந்தில் இது சட்டப்படியும் குற்றமானது. 2010ஆம் ஆண்டு ஜூலையில் பிராட்போர்ட் கிரௌன் நீதிமன்றத்தில், தான் விற்ற மினிபஸ் உட்படப் பல சாமான்களுக்கு இன்னொரு பெயரில் தானே கேட்டு விலையை ஏற்றிய ஒருவருக்கு 250 மணித்தியாலச் சமூக வேலையும், தண்டமும் வழக்குச் செலவுமாக 5,000 பவுண்ஸும் விதிக்கப்பட்டன. இணைய ஏலத்தில் இப்படி விலையேற்றியதற்காக இந்த நாட்டில் நடந்த முதல் வழக்கு அது.

அடையாளங்கள் சில உண்டு. வென்றவரின் கணக்குக்குப் பின்னூட்டம் ஒன்றுமே இல்லை, அல்லது ஒன்றிரண்டுதான். அவர் கேட்டதெல்லாம் இதே விற்பவரின் சாமான்களுக்கு மட்டும். உங்கள் தொகையைத் தேடுவது போல ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டுத் தடவை சிறு சிறு தொகையாக ஏற்றியிருக்கிறார். அல்லது யாரோ ஒருவர் மிகப் பெரிய தொகையைக் கேட்டு, உங்கள் உச்சம் வெளியே வந்ததும் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறார். இவை எல்லாம் ஏலப் பட்டியலில் பார்க்கக்கூடியவை. ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்று சேர்ந்து இருந்தால் அந்த விற்பவரை விட்டுவிடுங்கள், தளத்துக்கும் அறிவியுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் அதே சாமான் வேறிடத்தில் என்ன விலை போகிறது என்று பாருங்கள். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்க வேண்டாம். போடுகிறவர் எதையும் போடலாம். தளத்தில் ‘விற்று முடிந்தவை’ என்று தெரிவு செய்து பார்த்தால் உண்மையாக விற்ற விலைகள் தெரியும். அந்த மெசின் வழமையாக 140, 150க்குத்தான் போகிறதென்றால், அக்காவுக்கு 148 நட்டமில்லை. 100, 110க்குப் போகிறதென்றால் வாய்ப்பை ஏற்கத் தேவையில்லை.

ஏற்கவில்லையென்றால் பேசலாம். வாய்ப்பின் விலையை விற்பவரால் மாற்ற முடியாது. ஆனால் தளத்தின் செய்திப் பெட்டி வழியாக மரியாதையாக எழுதுங்கள்: “மூன்றாவது ஆள் 96இல் நின்றுவிட்டார். 105க்குப் புதிதாகப் பட்டியலிட்டால் நான் உடனே எடுக்கிறேன்.” அவர் தளத்திலேயே அந்த விலைக்குப் போட்டுத் தரலாம். மீண்டும் ஏலத்துக்கு விடுவதைவிடக் கையில் உள்ள வாங்குபவர் அவருக்கும் நல்லதுதான். சந்தைப் பேரம் பேசத் தெரிந்த எங்கள் அம்மாமாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் எழுதப் பிள்ளைகள் உதவினால் போதும்.

இன்னொரு விடயம். விற்பவர் வியாபாரியாக இருந்தால், இணையத்தில் வாங்கிய சாமானைக் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யும் உரிமை 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி உங்களுக்கு உண்டு. இணைய ஏலத்துக்கும் இரண்டாம் வாய்ப்புக்கும் இது பொருந்தும். திருப்பி அனுப்பும் தபால் செலவு உங்களுடையதாக இருக்கலாம். தனியார் ஒருவர் தன் வீட்டுச் சாமானை விற்றால் இந்த உரிமை இல்லை. ஆகவே விற்பவர் யார் என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே காசு அனுப்பிவிட்டால்

யாராவது ஏமாந்து வங்கி வழியாக நேரே காசு அனுப்பியிருந்தால், அதே நாளில் வங்கிக்குச் சொல்லுங்கள். இங்கே 159 என்ற இலக்கத்தை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்பார்கள். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 7 முதல், பிரித்தானியாவுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனடி வங்கி மாற்றாக அனுப்பி ஏமாற்றப்பட்ட காசை, 85,000 பவுண்ஸ் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அதிலே 100 பவுண்ஸ் வரை வங்கி கழிக்கலாம். கடைசியாகக் காசு அனுப்பி 13 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பிய காசுக்கும், கையில் கொடுத்த காசுக்கும் இந்த விதி பொருந்தாது. சாமான் வந்தது, தரம் சரியில்லை என்ற சாதாரணத் தகராறுக்கும் பொருந்தாது. சந்தேகமான குறுஞ்செய்தி வந்தால் அதை 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பிவைக்கலாம். கட்டணம் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, வீட்டிலே சொல்வது. எங்கள் குடும்பங்களில் ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். அப்பா பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மகன் அப்பாவுக்குச் சொல்வதில்லை. ஒரு கிழமை கழித்து விடயம் வெளியே வரும்போது காசு பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்தவர்களில் காசைத் திரும்பப் பெற்றவர்கள் அனைவரும் முதல் நாளிலேயே வங்கியை அழைத்தவர்கள். கெட்டித்தனத்தால் அல்ல, உடனே வாய் திறந்ததால் கிடைத்த காசு அது.

ஆகவே நேயர்களே, அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் வரிசையாகப் பாருங்கள். என் கணக்குக்குள் இந்த வாய்ப்பு இருக்கிறதா? காசு தளத்தின் வழியால் போகிறதா? வென்றவரை எடுத்துவிட்டால் என் விலை எவ்வளவு? அதே சாமான் மற்ற இடங்களில் எவ்வளவுக்கு விற்றிருக்கிறது? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வந்தால், மிச்ச இரண்டுக்கும் ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் போதும்.

அடுத்த மாத உரையில் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள்.